மாரியிலும் மிதி நிற்காதிருக்க

நவம்பர் பிறந்துவிட்டால் அம்பாறைக் கரையோர ஊர்களில் சைக்கிள்கள் விறாந்தைக்கு ஏறிவிடுகின்றன. டொக்டர் சொன்னார் என்று சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு குளக்கட்டு வரை மிதித்துவிட்டு வந்தவர்கள், ஜனவரி முடியும் வரை வீட்டுக்குள் முடங்கிப்போகிறார்கள். பெப்ரவரியில் கிளினிக் புத்தகத்தை விரித்தால் சீனியும் பிரஷரும் ஏறியிருக்கின்றன. வருடா வருடம் வரும் இந்த மூன்று மாதத் தடையைத் தாண்ட, வீட்டுக்குள் மிதிக்கும் கருவி நல்ல வழி. எந்தக் கருவி என்பதில் பிழைவிட்டால் காசும் போகும், மிதியும் நிற்கும்.

இறக்காமத்தில் இருப்பவர்களுக்கு இந்த மாரித் தடையை விளக்க வேண்டியதில்லை. குளமும் வயலும் சூழ்ந்த ஊர் இது. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் வயல்வெளி வந்துவிடும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை இறங்கியதும் பாதையோரம் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களின் உள்வீதிகளிலும் தண்ணீர் வடிய நாட்கணக்காகிறது. நம் பகுதிக்கு வருடத்தில் கிடைக்கும் மழையின் பெரும்பங்கு இந்தக் காலத்தில்தான் விழுகிறது.

இந்த நாட்களில் வெளியே போய் மிதியுங்கள் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, வெள்ளம் மூடியிருந்த மாவடிப்பள்ளிப் பாதையில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டதில் பிள்ளைகளை இழந்தோம். அடுத்த வருடம் அதே நவம்பரின் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டிப்போட்டது. வெள்ளம் ஓடும் பாதையில் உழவு இயந்திரத்துக்கே நிலையில்லாதபோது சைக்கிளைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மூன்று மாதம் ஏன் பெரிய இடைவெளி

2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாட்டில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டு, மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. நம் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கும்.

உடலை அசைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இது நடக்கிறது. அந்தப் பயன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். இதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நாமோ தொண்ணூறு நாள் விடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர வேக அசைவு தேவை. நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் அதன் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். நடுத்தர வேகத்துக்கு இதுவே போதுமான அளவுகோல்.

சைக்கிள் போட்டிகளில் ஓடும் இளைஞர்களுக்கும் இதில் இழப்பு இருக்கிறது. உழைத்துச் சேர்த்த மூச்சுப்பலம் சில வாரம் மிதிக்காமல் இருந்தாலே கரையத் தொடங்கிவிடும். அவுஸ்திரேலியச் சைக்கிளோட்ட வீரர் மெத்தியூ ஹேமன் 2016 பெப்ரவரியில் கை எலும்பு முறிந்து வீதியில் இறங்க முடியாமல் போனார். வீட்டுக்குள் கருவியில் சைக்கிளைப் பூட்டி வாரக்கணக்கில் மிதித்தார். அதே வருடம் ஏப்ரல் 10 ஆம் திகதி, பிரான்ஸின் கடினமான கல்பாதை ஓட்டமான பாரிஸ்–ரூபேயை வென்றார். வீட்டுக்குள் மிதிப்பதைச் சும்மா ஒப்புக்குச் செய்யும் வேலையென்று நினைப்பவர்களுக்கு அவருடைய பெயரைச் சொல்லலாம்.

முதலில் வீட்டில் நிற்கும் சைக்கிளைப் பாருங்கள்

சிறு வயதில் எல்லோரும் இதைச் செய்திருப்போம். பெரிய சைக்கிளை இரட்டைக்கால் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, சீட்டில் குந்தி, பின்சில்லை வேகமாகச் சுழலவிடுவோம். வீட்டுக்குள் மிதிக்கும் கருவியின் அடிப்படை இதுதான். பின்சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். காலுக்கு வேலை கொடுக்க அந்தச் சில்லில் ஒரு பாரத்தை ஏற்ற வேண்டும். சைக்கிளோடு வரும் ஸ்டாண்ட் முதல் வேலையை மட்டும் செய்கிறது. அதுவும் ஆள் ஏறி மிதிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. வளர்ந்த ஒருவர் அதில் ஏறி மிதித்தால் கால் வளையும், டைல்ஸ் தரையில் வழுக்கும். தயவுசெய்து வயதானவர்களை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

இந்த இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்யும் மலிவான கருவி காந்த டிரெய்னர். மடித்து வைக்கக்கூடிய இரும்புச் சட்டம், பின்சில்லின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விப்பிடிக்கும். டயரோடு ஒட்டியிருக்கும் சிறு உருளைக்குள் காந்தம் பாரத்தைக் கொடுக்கும். ஹேண்டிலில் பூட்டும் ஒரு விசையால் அந்தப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கரண்ட் வேண்டாம். காற்றடித்தாலே மின்சாரம் போகும் நம் ஊருக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

ஆனால் வாங்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஊரில் ஒரு வீட்டு விறாந்தையில் இதை நேரில் பார்த்தேன். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய புத்தம் புதிய டிரெய்னர். வாப்பாவின் சைக்கிளோ, இரண்டு பக்கமும் பெரிய நட் பூட்டிய, பின்னால் கரியரும் இரட்டைக்கால் ஸ்டாண்டும் உள்ள லுமாலா. டிரெய்னரின் கவ்விக் கிண்ணங்கள், கையால் திருப்பிக் கழற்றும் மெல்லிய அச்சுள்ள ரேஸ் சைக்கிளுக்கு அளவெடுத்தவை. நட்டின் மேல் அவை உட்காரவில்லை. ஸ்டாண்டின் கம்பியும் சட்டத்தில் இடித்தது. கருவி பெட்டிக்குள் திரும்பிப் போனது. வாப்பா மறுபடி சாய்வு நாற்காலிக்குப் போனார்.

அங்கே கருவியிலும் குறையில்லை, சைக்கிளிலும் குறையில்லை. ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் பார்க்கவில்லை. ஆகவே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை "என்ன வேணும் வாப்பா?" என்று கேட்டால், முதலில் சைக்கிளின் பின்சில்லை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். சில்லின் அளவு டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும். 26, 28 என்று வரும் அந்த எண்ணையும் சொல்லுங்கள். நட் பூட்டிய அச்சைப் பிடிக்குமா என்று கடையில் கேட்கச் சொல்லுங்கள். நம் சைக்கிள் கடைக்காரர் ஸ்டாண்டைக் கழற்றி, முனை உருண்ட நட் போட்டுத் தந்தால் பல டிரெய்னர்கள் பொருந்திவிடும். அவரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

மொத்தக் கட்டைகள் உள்ள மவுன்டன் சைக்கிள் டயர், உருளையில் பட்டால் வீடே அதிரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். பின்சில்லுக்கு மட்டும் வழவழப்பான டயர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உருளையில் தேய்ந்து டயர் சீக்கிரம் போகும் என்பதால், பழைய டயரை இதற்கென்று ஒதுக்குவது நல்லது. காற்று குறைந்தால் டயர் வழுக்கும், சூடேறும்.

மற்றக் கருவிகள்

காற்றாடி வைத்த டிரெய்னர்கள் இருக்கின்றன. இரைச்சல் அதிகம், நெருக்கமான வீடுகளுக்குச் சரிவராது. எண்ணெய் போன்ற திரவம் நிரப்பியவை சத்தம் குறைந்தவை, வேகத்துக்கு ஏற்பப் பாரம் தானாகக் கூடும். விலை கூடினாலும் நெடுநாள் மிதிப்பவர்களுக்கு நல்லவை. மூன்று உருளைகளின் மேல் சைக்கிளைப் பூட்டாமல் ஓட்டும் ரோலர், சைக்கிளோட்ட வீரர்களுக்கானது. சமநிலை பழகும், மிதி சீராகும். சுவரோரமாக வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பழக வேண்டும். முட்டு வருத்தமுள்ள மாமாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பின்சில்லையே கழற்றிவிட்டு, செயினை நேராகக் கருவியில் மாட்டும் வகையும் உண்டு. வாஹூ, டக்ஸ், எலைட் போன்ற கம்பனிகள் செய்கின்றன. எத்தனை வோட் வலு மிதிக்கிறோம் என்று கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும். ஸ்விஃப்ட் போன்ற செயலிகளோடு சேர்த்தால் திரையில் மலைப்பாதை ஏறி, உலகத்தில் எங்கோ இருப்பவரோடு போட்டி போடலாம். கியர் சைக்கிள் வேண்டும், கரண்ட் வேண்டும், விட்டுப்போகாத இணையம் வேண்டும், மாதாமாதம் சந்தாவும் கட்ட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடி மின்னல் வரும்போது பிளக்கைக் கழற்ற மறந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்று கருகிவிடும். தேசிய மட்டத்தில் ஓடும் வீரருக்கு இது பொருத்தமான கருவிதான். சீனியைக் குறைக்க மிதிப்பவருக்கு இதில் போடும் காசு வீண்.

சைக்கிளே தேவைப்படாத, ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிள்தான் பல குடும்பங்களுக்குச் சரியாக வரும். வீட்டில் எல்லோரும் சீட்டை ஏற்றி இறக்கி மாறி மாறி மிதிக்கலாம். இரண்டு முசல்லாவை நீளவாக்கில் விரிக்கும் இடம் இருந்தால் தாராளம். வாங்கும்போது ஏறிப் பாருங்கள். ஆடுகிறதா, காலை எடுத்தும் சில்லு சீராகச் சுழல்கிறதா, எத்தனை கிலோ எடைவரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, ஹேண்டிலின் உயரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை கலோரி என்று திரையில் வரும் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாரமான முன்சில்லு வைத்த ஜிம் வகை ஒன்று இருக்கிறது. பலவற்றில் காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காது, சில்லின் வேகம் காலையும் இழுத்துக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சில்லும் செயினும் முழுதாக மூடியிருக்கும் கருவியை மட்டும் வாங்குங்கள். அவசரத்துக்கு அழுத்தி நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

பெண்களுக்கு மாரி மட்டும் தடையில்லை

ஆண்களுக்கு மழை மூன்று மாதத்தைத்தான் எடுக்கிறது. நம் ஊர்களில் திருமணமான பெண்கள் பலருக்கு வருடம் முழுவதும் நடக்கவும் மிதிக்கவும் இடமில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள் ஓடிய பிள்ளை, இருபத்தைந்து வயதுக்குப் பிறகு பெடலில் கால் வைப்பதில்லை. நாற்பதில் சீனி வருகிறது. "நடங்க உம்மா" என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். எங்கே நடப்பது என்று அந்த உம்மா யாரைக் கேட்பது?

அதனால் வீட்டுக்கு ஒரு கருவி வாங்குவதென்றால், அதில் அதிகம் மிதிக்கப்போவது யார் என்று முதலில் யோசியுங்கள். என் கருத்தில் அது பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாகத்தான் இருக்க வேண்டும். ஏறி இறங்கக் காலைத் தூக்கிப்போட வேண்டியில்லாத தாழ்ந்த சட்டம், அபாயாவும் சாரியும் சிக்காத மூடிய செயின், அகன்ற சீட் உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். ஹோலில் வைத்து, விருந்தாளி வந்ததும் தள்ளிவைக்க வேண்டிவந்தால் நாலு நாளில் அதில் துணி காயும். பின் விறாந்தையிலோ அறையிலோ அதற்கென்று நிலையான ஓர் இடம் கொடுங்கள்.

ஃபேனும் சப்பாத்தும் சீட்டும்

வெளியே மிதிக்கும்போது எதிர்க்காற்று உடலைக் குளிரவைக்கிறது. வீட்டுக்குள் அது இல்லை. நாம் எரிக்கும் சக்தியில் கால்வாசியளவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடாக வெளியேறுகிறது. மாரியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. சாரல் அடிக்கிறதென்று யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு மிதித்தால் தலைசுற்றும். ஃபேன் ஒன்று முகத்துக்கு நேரே ஓட வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் விறாந்தைக்கு வந்து மெதுவாக மிதியுங்கள்.

பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். சீட்டின் உயரத்துக்கு இந்தக் கணக்கு போதும். முழங்கால் வலி வருகிறதென்று கருவியை ஒதுக்குபவர்களில் பலருக்குச் சீட்டு தாழ்ந்திருப்பதுதான் காரணம்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு மிதிக்கக் கூடாது, மூடிய சப்பாத்து போட வேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மிதிக்கும்போது சீனி சட்டென்று இறங்கக்கூடும். கைக்கெட்டும் இடத்தில் பேரீச்சம்பழமோ சீனிக் கரைசலோ இருக்கட்டும். இருதய நோயாளிகள் தொடங்கும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். நெஞ்சு இறுகினால், கை கடுத்தால் அந்த நிமிடமே இறங்க வேண்டும்.

கருவிக்கும் பராமரிப்பு வேண்டும். நம் கரையோரக் காற்றின் உப்போடு வியர்வையும் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். மிதித்து முடிந்ததும் துடைத்துவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்ததும் மேசை மேல் ஏற்றிவிடுங்கள். ஈரத் தரையில் வயர் இழுத்து எந்தக் கருவியையும் ஓடவிட வேண்டாம்.

இன்னொன்று. நோன்பு மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருக்கிறது. 2026 இல் பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது, 2028 இல் ஜனவரி கடைசிக்கு வந்துவிடும். 2030 இல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் இன்னொருமுறை என இரண்டு தடவை நோன்பு தொடங்கும். மழையும் நோன்பும் ஒன்றாக வரும் வருடங்கள் நம்மை நெருங்குகின்றன. தராவீஹுக்குப் பிறகு வீட்டுக்குள் இருபது நிமிடம் மிதிக்க ஒரு கருவி இருப்பது அப்போது இன்னும் தேவைப்படும்.

ஊராகச் செய்ய வேண்டியவை

எல்லா வீட்டாலும் இதை வாங்க முடியாது. வயலில் கூலிக்குப் போகிறவருக்கும் குளத்தில் மீன் பிடிக்கிறவருக்கும் சீனி வருத்தம் வருகிறது. ஆகவே இது பிரதேச சபைக்கும் சுகாதாரத் துறைக்கும் உரிய வேலையும்கூட.

இறக்காமம் போன்ற பிரதேசத்தில் பொது மண்டபமொன்றின் ஓர் அறையில் நாலைந்து உடற்பயிற்சிச் சைக்கிள்களை வைக்கலாம். காலையில் பெண்களுக்கு, மக்ரிபுக்குப் பிறகு ஆண்களுக்கு என்று நேரம் பிரித்து, மாதர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் பொறுப்பெடுக்கலாம். வைத்தியசாலைகளின் சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே வருகிறவர்களை ஒக்டோபரிலேயே இந்த அறைக்கு அனுப்பிவைக்க, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஊரை விட்டு வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளின் சங்கங்கள் வருடா வருடம் ஏதாவது பொருள் அனுப்புகின்றன. ஆளுக்கொரு கருவியாக வீட்டுக்கு அனுப்புவதைவிட, ஒரே ரகத்தில் ஐந்து அனுப்பினால் உதிரிப்பாகத்துக்கு ஒன்றுக்கொன்று உதவும். பழையதை வாங்கி அனுப்புவதென்றால், டிரெய்னரோடு வரும் இரும்பு அச்சு பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்தே அனுப்புங்கள். பலர் தொலைத்துவிடுவது அதைத்தான்.

அதோடு, நெல் ஆலை இயந்திரத்தையும் உழவு இயந்திரப் பெட்டியையும் திருத்தும் கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. மூன்று குழாய், ஆறு பெயாரிங், ஒரு இரும்புச் சட்டம், முன்னுருளையைச் சுழற்ற ஒரு பட்டி. ரோலர் என்பது இவ்வளவுதான். லேத் வேலை தெரிந்த ஒருவரும் ஒரு பாடசாலையின் விளையாட்டு ஆசிரியரும் சேர்ந்தால் பாடசாலைச் சைக்கிள் அணிக்கு ஒன்றைச் செய்து கொடுத்துவிடலாம்.

பிரதேச சபைகளின் அடுத்த வருடப் பாதீடு டிசம்பர் 31 க்கு முன் நிறைவேற வேண்டும். வட்டார உறுப்பினர்கள் முன்மொழிவுகளை எடுத்துப்போவது அதற்கு முந்திய வாரங்களில். உடற்பயிற்சி அறைக்கும் ஐந்து சைக்கிளுக்கும் ஒரு தலைப்பு ஒதுக்கச் சொல்லி, சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு பக்கம் எழுதி, இந்த மாதமே உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுங்கள்.